நாய்க்குப் பச்சை எலும்பு போடலாமுங்களா?

வணக்கமுங்க. நம்ம பக்கம் தோட்டத்துச் சாளைல நாய் இல்லாத வீடு கம்மி, ஞாயித்துக்கெழம கறி எடுத்தா அதுக்கும் ஒரு பங்கு உண்டு. பச்சை எலும்பக் கடிச்சா பல்லு சுத்தமாயிருமுங்களா டாக்டர்னு கேக்கறாங்க. ஓரளவுக்கு ஆகுமுங்க. பல்லு மேல மொதல்ல வழுவழுன்னு அழுக்கு படியும், ரெண்டு மூணு நாள்ல எச்சில்ல இருக்கற சுண்ணாம்புச் சத்து சேந்து கல்லாட்டம் எறுகி மஞ்சக் காறையாயிரும், எலும்ப அரைக்கறப்ப அது தேஞ்சு உதிரும். பிரேசில்ல பீகிள் நாய்ங்களுக்குப் பச்சை மாட்டெலும்பு குடுத்துப் பாத்தப்பவும் காறை நல்லாவே கொறஞ்சுதுங்க.

ஆனா நோவு இருக்கறது ஈறுக்கு அடியில, அங்க எலும்பு போய்ச் சொரண்டாது.

இதவிடப் பெரிய தொல்லை ஒன்னு. நாய்க்கு மொத்தம் 42 பல்லு, அதுல மேல் தாடைல ரெண்டு பக்கமும் மூணு வேரோட பெரிய பல்லு ஒன்னு ஒன்னு இருக்கும். தலையச் சாச்சு எலும்ப ஓரமாத் தள்ளிக் கடிக்குமே, அந்தப் பல்லுதான். நல்லி எலும்பு, மாட்டுத் தொடை எலும்பு மாதிரி கெட்டியானதக் கடிச்சா அது பக்கவாட்டுல சில்லாப் பேந்துரும். உள்ள சீழ் புடிச்சு, கண்ணுக்குக் கீழ வீங்கி ஒடையும். முள்ளு குத்திருச்சுங்க, மருந்து போட்டும் ஆறமாட்டேங்குதுன்னு கூட்டிட்டு வருவாங்க, ஒதட்டத் தூக்கிப் பாத்தா பல்லு பேந்து கெடக்கும். ஊசி போட்டா வத்தும், மறுபடி வரும். பல்லப் புடுங்கோணும், இல்ல வேர்ச் சிகிச்சை பண்ணோணும்.

போட்டே ஆவோணும்னா கட்டைவெரல் நகத்த எலும்புல அழுத்திப் பாருங்க, தடம் விழலீன்னா வேண்டாமுங்க. அவசரத்துல முழுங்கற நாய்க்கு எதுவுமே வேண்டாம், கொடல்ல அடச்சுக்கும். வெந்த எலும்பு ஊசி ஊசியா ஒடையறதால சாப்ட்ட தட்டுல மிஞ்சுனத போடவே கூடாது, கொழம்புல இருக்கற வெங்காயமும் நாய்க்கு ஆகாது. பச்சையில சால்மோனெல்லாக் கிருமி இருக்கலாம், கொழந்தைங்க வெளையாடற எடத்துல போடாதீங்க.

பிரஷ்தாங்க நல்ல வழி. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். நாய்க்குன்னு விக்கற பேஸ்ட் மட்டும் வாங்குங்க, நம்ம பேஸ்ட் சிலதுல சைலிடால் இருக்குது, அது நாய்க்கு வெசம். எடுத்தவொடனே வாயப் பொளக்க வேண்டாம், கொஞ்ச நாள் ஒதட்டத் தூக்கிப் பழக்குங்க, அப்பறமேட்டுக்கு பல்லோட வெளிப்பக்கம் மட்டும் தேச்சாப் போதும், உள்பக்கத்த நாக்கே பாத்துக்கும்.