அறுபது ரூபாய் தொண்ணூற்று நான்கரை ஆன கதை

நேயர்களுக்கு வணக்கம். நாணய மாற்று விகிதம் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் எங்கள் அப்பத்தாவின் கணக்கு நோட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு இந்த விஷயம் புரிந்ததே அந்த நோட்டால்தான்.

தேவிபட்டினத்துப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், கொழும்பு புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். மாதம் 60 ரூபாய் மணியார்டர் வரும், அப்பத்தா தேதி போட்டு எழுதி வைப்பார். பக்கம் பக்கமாக 60, 60, 60 என்றே போகிறது. 1966 ஜூலையில் திடீரென்று 94 ரூபாய் 50 காசு! ஐயாவுக்குச் சம்பளம் கூடிவிட்டது, நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அப்பத்தாவுக்கு மனத்தாங்கல். அதோடு போனதா என்றால் இல்லை, 1967 டிசம்பரில் அதே பணம் 75 ரூபாய் 60 காசாக இறங்கியது. மீதிப் பணம் அங்கே யாருக்குப் போகிறது என்று கேட்டுக் கடிதம் எழுதிவிட்டார். கடல் தாண்டிப் போன ஆண்களைப் பற்றி இந்தக் கரையில் இருந்த பயம் உங்களுக்குத் தெரியாததா?

ஐயா இரண்டு தடவையும் அனுப்பியது அதே 60 ரூபாய்தான்.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் நம் வெள்ளி ரூபாய்தான் சிலோனிலும் புழங்கியது. 1872இல் அங்கே ரூபாயை 100 சதமாகப் பிரித்தார்கள், நம் பக்கம் 16 அணாவாகவே இருந்தது. ரூபாய்க்கு ரூபாய் சரிசமம், சில்லறையில்தான் இடிக்கும். நாலணா என்றால் 25 சதம், எட்டணா என்றால் 50 சதம், ஆனால் ஓரணாவை மாற்றப் போனால் ஆறேகால் சதம், அந்தக் காலை யார் கொடுப்பது? 1957 ஏப்ரலில் இங்கேயும் நயா பைசா வந்த பிறகுதான் சில்லறையும் நேரானது. 1949 செப்டம்பரில் தன் பணமான பவுனின் மதிப்பை இங்கிலாந்து குறைத்தபோது இந்தியாவும் சிலோனும் சேர்ந்தே இறங்கின, டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்று இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. 1950இல் கொழும்பில் தனியாக மத்திய வங்கி வந்த பிறகும் அந்தச் சமம் கலையவில்லை. தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினவர்களுக்கு 100 ரூபாய் அங்கேயும் 100 ரூபாய்தான், நோட்டில் இருந்த படம்தான் வேறு.

அப்புறம் 1966 ஜூன் 6. பாகிஸ்தானோடு நடந்த போர், மழை பொய்த்த வறட்சி, வெளிநாட்டு உதவிக்கு வந்த நெருக்கடி எல்லாம் சேர்ந்து, இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பை 36.5 சதவீதம் குறைத்தது. டாலர் 4.76இலிருந்து 7.50 ஆனது. சிலோன் அன்றைக்கு அசையவில்லை. ஏறக்குறைய நூறு வருடம் ஒன்றாக இருந்த இரண்டு ரூபாயும் பிரிந்தது அந்த நாளில்தான். 7.50ஐ 4.76ஆல் வகுத்துப் பாருங்கள், சிலோன் 100 ரூபாய்க்கு இங்கே 157 ரூபாய் 50 காசு வரும். அப்பத்தாவின் 94.50 அங்கிருந்து வந்தது. அந்த வறட்சிக் காலத்தில் அரிசி விலை ஏறின ஏற்றத்துக்கு அந்தக் கூடுதல் பணம்தான் எங்கள் வீட்டைத் தாங்கியது என்று அப்பா சொல்லுவார்.

1967 நவம்பரில் இங்கிலாந்து மறுபடியும் பவுனின் மதிப்பைக் குறைக்க, இந்தத் தடவை சிலோன் கூடவே 20 சதவீதம் இறங்கியது, இந்தியா அசையவில்லை. 157 ரூபாய் 126 ஆனது. அவ்வளவுதான் நடந்தது, ஐயா மேல் ஒரு தப்பும் இல்லை.

எனக்கு இதில் மனசு கனக்கிற இடம் ஒன்று உண்டு. 1964 அக்டோபரில் சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தம் போட்டு, மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. ஒரு குடும்பம் கொண்டுபோகலாம் என்கிற உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்று அதில் ஒரு விதி, சேமநிதியும் பணிக்கொடையும் இதற்குள்தான். 1966 ஜூனுக்கும் 1967 நவம்பருக்கும் நடுவில் வந்திருந்தால் அந்த 4,000 இங்கே 6,300 ஆகியிருக்கும். பெரும்பாலோர் வந்தது அதற்குப் பிறகு, அப்போது அது 5,040தான். தோட்டத்தில் மூன்று தலைமுறை கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் 1,260 ரூபாய், அவர்களைக் கேட்காமலே ராமேஸ்வரம் துறையில் இறங்குவதற்குள் காணாமல் போனது. அவ்வளவு சேர்க்கவே முடியாத குடும்பங்களும் ஏராளம்.

அதன் பிறகு அந்தப் பக்கத்துக் கணக்கு இன்னும் சிக்கலானது. 1968 மே மாதம் சிலோனில் இரட்டை விகிதம் கொண்டுவந்தார்கள், அரிசி, மாவு மாதிரி அவசியமான இறக்குமதிக்கு ஒரு விலை, மற்றதற்கு 44 சதவீதம் கூடுதல், பின்னால் அது 65 வரை போனது. 1977 நவம்பரில் இரண்டையும் ஒன்றாக்கி, விலையைச் சந்தையின் போக்கில் மிதக்க விட்டபோது டாலர் 16 ரூபாயை ஒட்டி நின்றது. அன்றைக்கு நம்முடையது ஒன்பதுக்கும் குறைவு. ஒரு காலத்தில் ஒன்றரை மடங்கு இருந்த காசு பாதிக்கு வந்தாயிற்று.

2022இல் நீங்களே பார்த்தீர்கள். மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த இலங்கை ரூபாய் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சம்பளம் அதேதான், வாங்கும் சாமான் எல்லாம் எட்டாத விலை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அரிச்சல்முனையில் வந்து இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போன குடும்பங்களின் கையில் இருந்த நோட்டு அதுதான். நம் ஒரு ரூபாய்க்கு அன்றைக்கு அவர்களுடைய நாலரை ரூபாய்க்கு மேல்.

சிலோன் காசு அந்தக் காலத்தில் எவ்வளவு பெறும் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எந்தத் தேதியில் என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது, மாதம்கூடத் தெரிய வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் சிலோனிலிருந்து வந்த மணியார்டர் துண்டு, கடைப் பேரேடு, கடிதம் எது கிடந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதலில் தேதியைப் பாருங்கள். 1966 ஜூனுக்கும் 1967 நவம்பருக்கும் நடுவில் உள்ள துண்டு என்றால் கட்டாயம் எனக்குக் காட்டுங்கள், அந்தப் பதினேழு மாதத்துக்கு எங்கள் அப்பத்தா நோட்டைத் தவிர வேறு ஒரு வீட்டின் கணக்கும் இதுவரை என் கையில் இல்லை.