ரெட்க்ளிஃப் கிராமத்துக்கு என்ன ஆனது?

வணக்கம் நேயர்களே. வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கேம் விளையாடுவதை நீங்கள் எல்லோருமே பார்த்திருப்பீர்கள். நான் இன்று பேசப்போவது அதில் ஒரு வகையைப் பற்றி. நாமே கதையில் ஒரு ஆளாகி, முடிவெடுத்து, அதன் விளைவையும் சுமக்கிற ரோல் பிளேயிங் கேம்கள்.

கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் 2009இல் 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' என்ற கேமை வெளியிட்டது. மந்திரவாதிகள், பூதங்கள், டிராகன்கள் எல்லாம் உண்டு. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது ரெட்க்ளிஃப் என்ற சின்ன ஏரிக்கரைக் கிராமம்தான்.

அங்கே இரவானால் மலைமேல் இருக்கும் கோட்டையிலிருந்து பிணங்கள் எழுந்து வந்து ஊரைத் தாக்கும். ஊர்க்காரர்களின் கவசங்களோ கிழிந்து கிடக்கின்றன. அவற்றைச் சரிசெய்ய வேண்டிய கொல்லர் ஓவன் கதவைப் பூட்டிக்கொண்டு குடித்துக்கொண்டிருக்கிறார். ஏன்? கோட்டையில் வேலைக்குப் போன மகள் வலேனாவைப் பற்றித் தகவலே இல்லை. மகளைத் தேடிப் பார்க்கிறேன் என்று நாம் வாக்குக் கொடுத்தால், மனிதர் எழுந்து உலையை மூட்டுவார். கடையில் இருக்கும் எண்ணெய்ப் பீப்பாய்களைப் பிணங்கள் வரும் வழியில் வைத்துத் தீ மூட்டலாம். இப்படி ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு இரவுக்குக் காத்திருக்க வேண்டும். முக்கியமான விஷயம் இதுதான்: எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று நாம் கிளம்பிவிட்டால், கிராமம் அழிந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் ஆள் இருக்காது. கொல்லரும் இருக்க மாட்டார்.

கவனியுங்கள், அந்தக் கிராமம் மிகச் சிறியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு நிமிடத்தில் ஓடிவிடலாம். அங்கிருந்து வேறு ஊருக்கு நடந்துகூடப் போக முடியாது, வரைபடத்தில் ரத்தத் துளிகள் நகர்ந்து நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடும். இருந்தும் அது ஒரு ஊராக இருந்தது.

அப்புறம் 2014. அதே வரிசையில் மூன்றாவது கேம், 'இன்க்விசிஷன்'. அதற்கு மூன்று ஆண்டு முன்னால் வேறொரு நிறுவனத்தின் 'ஸ்கைரிம்' என்ற கேம் வந்திருந்தது. பெரிய நிலப்பரப்பில் இஷ்டம்போல் திரிகிற ஓப்பன் வேர்ல்டுதான் எதிர்காலம் என்று எல்லோரும் நம்பிய காலம். இதிலும் ரெட்க்ளிஃப் வருகிறது, சுற்றிலும் ஹின்டர்லேண்ட்ஸ் என்ற பிரம்மாண்டமான மலைப்பகுதியோடு. ஆசையாகத்தான் உள்ளே போனேன்.

போர் நடக்கிறது, அகதிகள் பசியோடு இருக்கிறார்கள். சரி, என்ன செய்ய வேண்டும்? பத்து ஆட்டுக்கடா இறைச்சி கொண்டுவா என்கிறார் ஒருவர். போர்வை கொண்டுவா என்கிறார் இன்னொருவர். மண்டை ஓடு பதித்த கம்பங்கள் வழியே பார்த்து, மலை உச்சிகளில் மின்னும் கற்களைப் பொறுக்க வேண்டும். கொண்டுவந்து கொடுத்தால் நன்றி சொல்வார்கள். கொடுக்காவிட்டால்? அந்த அகதி பசியால் சாக மாட்டார். எத்தனை மணிநேரம் கழித்துப் போனாலும் அதே இடத்தில் அதே முகத்தோடு நிற்பார்.

என் வருத்தம் இதுதான். இடம் பெரிதானது, நம் முடிவுக்கு இருந்த கனம் குறைந்தது. எல்லாமே நமக்காகக் காத்திருந்தால் எதைத் தேர்ந்தெடுத்தால்தான் என்ன? கொல்லர் ஓவன் காத்திருக்கவில்லை. அதனால்தான் அவர் பெயர் இன்னும் நினைவில் இருக்கிறது. இறைச்சி கேட்டவர் பெயர் நினைவில் இல்லை.

அந்த ஆண்டின் சிறந்த கேம் என்ற விருதை தி கேம் அவார்ட்ஸ் விழாவில் 'இன்க்விசிஷன்' வாங்கியது. அதில் நல்ல இடங்களும் உண்டு. அதே ரெட்க்ளிஃப் கோட்டையில், நாம் தோற்றுப்போன எதிர்காலம் எப்படியிருக்கும் என்று காட்டும் பகுதி அபாரம். கூட வந்த நண்பர்களை அந்தக் கோலத்தில் பார்க்க மனம் தாங்காது. அந்தக் கோட்டை திறந்த வெளி இல்லை, நான்கு சுவருக்குள் நடக்கிற கதை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். இதே வரிசையில் 2024இல் வந்த அடுத்த கேம் 'தி வெய்ல்கார்ட்' பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: ஓப்பன் வேர்ல்டைக் கைவிட்டு மறுபடி சின்ன இடங்களுக்கு வந்துவிட்டார்கள், அது எனக்குச் சந்தோஷம். ஆனால் பழைய கேம்களில் நாம் எடுத்த முடிவுகளில் மூன்றை மட்டும்தான் கேட்டுக்கொள்கிறது. ரெட்க்ளிஃபை நாம் காப்பாற்றினோமா, கைவிட்டோமா என்பது அந்த மூன்றில் இல்லை. வணக்கம்.