மெல்லிய தோல், சிறிய தொட்டி

நேயர்களுக்கு வணக்கம். பினோ நுவார் என்ற கருந்திராட்சைக்குத் தாய்மண் பிரான்சின் பர்கண்டி. அங்கே பிள்ளைகளுக்குச் சொத்து சமமாகப் பிரிய வேண்டும் என்று நெப்போலியன் காலத்தில் சட்டம் வந்தது. பாகம் பிரிந்து பிரிந்து, ஒரு தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்குச் சில வரிசைக் கொடிகளே மிஞ்சுவதுண்டு. ஒயின் செய்யச் சிறிய தொட்டி, கைவேலை எல்லாம் அதற்குத் தோதுதான். ஆனால் கைவேலையை உண்மையில் கேட்பது அந்தப் பழத்தின் தோல்.

தோல் மெல்லியது, குலையோ பைன் காய்போல இறுகியது. அறுவடை நெருங்கும்போது மழை பெய்தால் பழங்கள் ஊதி, ஒன்றையொன்று நெருக்கி வெடிக்கும். சாம்பல் பூஞ்சை புகுந்துவிடும். அதிலுள்ள லாக்கேஸ் என்ற நொதி ஒயினின் நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். அதனால் குலையைச் சுற்றியுள்ள இலைகளை முன்பே கிள்ளிக் காற்றோட்டம் கொடுக்கிறார்கள். காலை வெயில் படும் பக்கம் மட்டும்தான். மாலை வெயில் பக்கம் கிள்ளினால் பழம் வெந்துவிடும்.

பறிப்பது கத்தரியால், சேர்ப்பது ஆழமில்லாத பெட்டியில். அழுகலைப் பொறுக்கி எறிந்தபின் சிலர் காம்பை முழுதும் நீக்குவார்கள், சிலர் ஒரு பங்கு குலையை அப்படியே போடுவார்கள். காம்பு பச்சையாக இருந்தால் கசக்கும். அதிலுள்ள பொட்டாசியம் புளிப்பையும் குறைக்கும்.

வாய் திறந்த தொட்டியில் 10 முதல் 15 டிகிரி செல்சியஸில் 3 முதல் 5 நாள் ஊறல். பிறகு ஈஸ்ட் வேலையைத் தொடங்கும். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை ஏறத்தாழ 1 சதவீத ஆல்கஹாலாகும். தோல்கள் மிதந்து மூடிபோல் எழும். நாளைக்கு இரண்டு முறை மெல்ல அமிழ்த்த வேண்டும். விட்டுவிட்டால் மேற்பரப்பு காய்ந்து வினிகர் வாடை ஏறும். முரட்டுத்தனமாகக் குத்தினால் விதை நசுங்கித் துவர்க்கும். வெப்பம் 30, 32 வரை போகலாம். 35-ஐத் தாண்டினால் ஈஸ்ட் திணறி நின்றுவிடலாம். தொட்டிக்குள் தலையை மட்டும் நீட்டாதீர்கள், அங்கே நிற்பது கரியமில வாயு.

பிழிந்த ஒயின் 228 லிட்டர் ஓக் பீப்பாய்க்குப் போகும். கட்டை வழியே ஆவியாகிக் குறைவதை அடிக்கடி நிரப்ப வேண்டும். உள்ளே பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும். அது முடிந்த பிறகே, கிருமிகளை அடக்கும் கந்தக டை ஆக்சைடு சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு, பாதியில் புட்டியில் அடைத்தால் அந்த வேலை உள்ளேயே தொடரும். ஒயின் கலங்கும், தக்கையைத் திறக்கும்போது நுரைக்கும்.