பூனைக்கு பின்னங்கால் திடீர்னு விழுந்து தானா சரியாயிட்டாலும் டாக்டர்ட்ட காட்டிருங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீடு சுத்திக் காட்டுற வீடியோ இல்ல, சமையலும் இல்ல, நம்ம பூனை பணியாரம் பத்திதான். நெறைய பேர் கேட்டுட்டே இருந்தீங்க அவன் ஏன் வீடியோலயே வரலன்னு. நல்லா இருக்கான், அத மொதல்லயே சொல்லிடறேன், இந்தா பக்கத்துலதான் படுத்துத் தூங்குறான். ஆனா அவனுக்கு வந்தது பூனை வளக்குற எல்லாருக்கும் தெரியணும்.

காலைல பட்டாசாலைல நடந்து வந்துட்டு இருந்தவன் திடீர்னு ஒரு கத்து கத்துனான் பாருங்க, அந்த மாதிரி சத்தத்த நான் அவன்ட்ட கேட்டதே இல்ல. திரும்பிப் பாத்தா முன்னங்கால் ரெண்டும் நடக்குது, இடுப்புக்குக் கீழ தரையில இழுபடுது, வலது பின்னங்கால்ல அசைவே இல்ல, இடது லேசா உதைக்குது. எங்க வீட்டுல ஆத்தங்குடிக் கல்லு, வழவழன்னு இருக்கும்ல, அதனால அப்பத்தா "வழுக்கி விட்டுருக்கும், தைலம் போட்டு நீவி விடு ஆத்தா"ன்னாங்க. பாசத்துல சொல்றாங்க, ஆடு மாடெல்லாம் பாத்தவங்க. ஆனா பூனைக்கு தைலம் தடவவே கூடாதுங்க, அது நக்கிரும், அதுல இருக்குற எண்ணெயெல்லாம் அதுக்கு விஷம்.

நான் மொதல்ல பண்ணது கால தொட்டுப் பாத்ததுதான். இத நல்லா கேட்டுக்கங்க. ஆத்தங்குடிக் கல்லே சில்லுன்னுதான் இருக்கும், அதனால பின்னங்கால் பாதத்த மட்டும் தொட்டா ஒண்ணும் தெரியாது, முன்னங்காலையும் தொட்டு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும். இவனுக்கு முன்னங்கால் வெதுவெதுன்னு இருக்கு, வலது பின்னங்கால் மட்டும் ஜில்லிட்டுப் போயிருக்கு. பாதத்துக்கு அடியில மெத்து மெத்துன்னு இருக்கும்ல, வெள்ளப்பூனைங்கறதால இவனுக்கு அது ரோஸ் கலர், அந்த ஒரு கால்ல மட்டும் வெளுத்து லேசா நீலம் ஓடிருக்கு. உங்க பூனைக்கு அது கருப்பா இருந்தா நகத்துக்கு அடியில பாருங்க.

இதெல்லாம் போன்ல வீடியோ எடுத்துட்டு கூடைல வச்சு ஆட்டோ புடிச்சோம். பாதி வழியிலயே காலு கொஞ்சம் கொஞ்சமா அசைய ஆரம்பிச்சுருச்சு, டாக்டர் வாசல்ல எறக்கும்போது நொண்டிக்கிட்டு எந்திரிச்சு நிக்கிறான்! கூட வந்த சித்தப்பா "சரியாப் போச்சேத்தா, திரும்பிருவோமா"ன்னார். இல்ல சித்தப்பா, வந்தது வந்தோம் காட்டிட்டே போவோம்னேன். டாக்டர் வீடியோவப் பாத்தாரு, தொடைக்கு உள்பக்கம் விரல வச்சு ரொம்ப நேரம் நாடி பாத்தாரு, வலது பக்கம் நாடி ரொம்ப கம்மியா இருக்கு, இது சுளுக்கு இல்லம்மா, இதயத்தப் பாக்கணும்னாரு.

கால் விழுந்ததுக்கு இதயத்த ஏன் பாக்கணும்னு எனக்கும் அப்ப புரியல. பூனைங்களுக்கு ஹெச்.சி.எம்.னு ஒண்ணு வரும், ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமையோபதி, இதயத் தசை தடிச்சுப் போறது. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது, சாப்புடும் ஓடும் வெளயாடும். உள்ள இடது மேலறை பெருசாகி ரத்தம் தேங்கி கட்டியாகும், அந்தக் கட்டி கிளம்பி பெரிய ரத்தக்குழாய் வழியா வந்து, பின்னங்கால்களுக்குப் பிரியுற எடத்துல சிக்கிக்கும், நம்ம கண்மாய் வாய்க்கா பிரியுற எடத்துல கட்டை மாட்டுற மாதிரி. பெருசா மாட்டுனா ரெண்டு காலும் போயிரும், தாங்க முடியாத வலி, நெறைய பூனைங்க பொழைக்கிறதில்ல. சின்னதா இருந்தா ஒரு கால் மட்டும், கொஞ்ச நேரத்துல கரைஞ்சு ரத்தம் திரும்ப ஓடிரும். ஆனா காலு சரியானதால இதயம் சரியாயிட்டதா அர்த்தம் இல்ல, அடுத்த கட்டி எப்ப வேணா வரலாம். இதுக்குத்தான் இந்த வீடியோவே.

நீவக்கூடாது, ஒத்தடமும் கூடாது. காலுல உணர்ச்சி இருக்காது, சுட்டாலும் அதுக்குத் தெரியாது, தோல் வெந்துரும். வலிக்குதேன்னு பாராசிட்டமால் குடுத்துறாதீங்க, ஒரு மாத்திரையே பூனையக் கொன்னுரும், நெசமாத்தான் சொல்றேன்.

பின்னங்கால் விழுந்தா எல்லாமே இதயம்தான்னு இல்ல. சுகர் இருக்குற பூனை குதிகால தரையில பதிச்சு நடக்கும், ரத்தத்துல பொட்டாசியம் கொறஞ்சா உடம்பு தளந்து கழுத்து தொங்கிரும், ஓட்டுமேல இருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம். நம்ம பக்கம் கட்டுவிரியன் பாம்பு கடிச்சிருக்கலாம்ங்கறதையும் மறக்கக் கூடாது. நாய்க்கு உண்ணிக்காக முதுகுல விடுற மருந்துல பெர்மெத்ரின் இருந்தா பூனைக்கு ஆகாது, நடுக்கம் எடுத்துரும். எதுவா இருந்தாலும் அன்னைக்கே காட்டணும்.

எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன், அதுக்கு மதுரைக்குப் போனோம், இதயச் சுவர் 6 மில்லிமீட்டருக்கு மேல தடிச்சிருந்துச்சு. இப்ப ரத்தம் கட்டியாகாம இருக்க க்ளோபிடோக்ரெல்ங்கற மருந்து குடுக்குறோம், மனுசங்களுக்கு வர்ற 75 மில்லிகிராம் மாத்திரைல கால்வாசி, டாக்டர் எழுதிக் குடுத்தது, பாத்துட்டு நீங்களா ஆரம்பிச்சுறாதீங்க. ஏற்கனவே கட்டி வந்து பொழைச்ச பூனைங்கள வச்சு 2015ல வந்த ஆய்வுல, ஆஸ்பிரின விட இதுதான் அடுத்த கட்டி வர்றத ரொம்ப நாள் தள்ளிப் போட்டுச்சு. ஆனா கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு, நாக்குல பட்டா வாயெல்லாம் நுரை தள்ளிரும். அதனால வெறும் கேப்ஸ்யூல் வாங்கி அதுக்குள்ள போட்டு, மேல நெய் தடவி தொண்டைக்குள்ள விட்டுட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சுல கொஞ்சம் தண்ணி குடுக்குறேன்.

இன்னொன்னு, தூங்கும்போது மூச்ச எண்ணணும். வயிறு ஏறி எறங்குனா ஒண்ணு. இந்தா இப்ப இவனுக்கு 15 செகண்டுல 6 வருது, அப்ப நிமிசத்துக்கு 24. நல்லா தூங்குறப்பவே 30க்கு மேல திரும்பத் திரும்ப போச்சுன்னா நுரையீரல்ல நீர் கோத்துருக்கலாம், அன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க. நாய் மாதிரி வாயத் தெறந்து மூச்சு வாங்குச்சுன்னா போன்லாம் பண்ணிட்டு இருக்காதீங்க, தூக்கிட்டு ஓடிருங்க.