61 வயதில் முதல் படம்: சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டின் கதை

வணக்கம். இன்றைக்கு நாம் பேசப்போகிற நடிகர் முதன்முதலாக சினிமா கேமரா முன்னால் நின்றபோது அவருக்கு வயது 61. அந்த முதல் படத்துக்கே ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. அப்புறம் எட்டே வருடம், சுமார் இரண்டு டஜன் படங்கள், சினிமாவில் அவர் இருந்தது அவ்வளவுதான். பெயர் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட். பெயர் தெரியாவிட்டாலும் 'காசாபிளாங்கா' பார்த்திருந்தால் ஆளைத் தெரிந்திருக்கும்: தலையில் துருக்கித் தொப்பி, கையில் ஈ அடிக்கிற மட்டை, ஊரின் கள்ளச் சந்தை முழுக்கத் தன் கைக்குள் என்கிற தோரணை.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'தாமதமாக வந்தவர்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். சினிமாவுக்குத் தாமதம், சரி. ஆனால் நடிப்புக்கு அவர் வந்தது 1902-ல். நடுவில் இருக்கிற அந்த 39 வருடத்தை விட்டுவிட்டு இவரைப் புரிந்துகொள்ளவே முடியாது.

1879 டிசம்பர் 27-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தார். அப்பா தோல் வியாபாரி, வீட்டில் எட்டுப் பிள்ளைகள். பதினெட்டு வயது வாக்கில் பணம் சம்பாதிக்க இவர் கிளம்பிப் போன இடம் எது தெரியுமா? இலங்கை. காப்பித் தோட்டங்கள் நோயில் அழிந்து, மலையெல்லாம் தேயிலை ஏறிவிட்டிருந்த காலம் அது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டு போய் லயங்களில் குடிவைத்த அதே காலம். ஆங்கிலேய இளைஞர்கள் 'துரை' ஆகிவிடலாம் என்று கப்பலேறினார்கள். கிரீன்ஸ்ட்ரீட்டுக்குக் கொடுத்துவைக்கவில்லை. மழை பொய்த்தது, தொழில் படுத்தது, ஊர் திரும்பிவிட்டார். நட்டப்பட்ட துரைக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது, கூலிக்குப் போன நம் ஜனங்களில் பலருக்கு அதுகூட இருக்கவில்லை என்பதைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.

ஊரில் ஒரு பீர் ஆலையை நிர்வகிக்கிற வேலை. சலிப்பு. அந்தச் சலிப்பைப் போக்கத்தான் பென் கிரீட் என்ற நாடகக்காரரிடம் நடிப்பு கற்றுக்கொள்ளப் போனார். 1902-ல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகம் ஒன்றில் கொலைகாரனாக மேடையேறினார். அப்புறம் கிரீட்டின் குழுவோடு அமெரிக்கா, ஊர் ஊராக ஷேக்ஸ்பியர், நகைச்சுவை, இசை நாடகம் என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். 1930-களில் அமெரிக்க மேடையின் புகழ்பெற்ற ஜோடியான ஆல்ஃபிரட் லண்ட், லின் ஃபொன்டேன் தம்பதியின் நாடகங்களில் நிரந்தர முகமாகிவிட்டார். சினிமாவிலிருந்து கூப்பிட்டும் போகவில்லை. மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் குரலைக் கொண்டுபோகிறது, எதிரே நிற்பவர் பேசும்போது சும்மா நிற்காமல் கேட்டுக்கொண்டே நடிக்கிறது, இதெல்லாம் அங்கே படிந்த பழக்கம்.

1941. ஜான் ஹூஸ்டன் இயக்குநராகத் தன் முதல் படத்தை எடுக்கிறார், 'தி மால்டீஸ் ஃபால்கன்'. நகை பதித்த ஒரு பறவைச் சிலையைத் தேடி அலைகிற காஸ்பர் கட்மன் என்ற வில்லன் வேடம் கிரீன்ஸ்ட்ரீட்டுக்கு. இத்தனை வருட மேடை அனுபவம் இருந்தும் முதல் காட்சிக்கு முன்னால் மனிதருக்கு நடுக்கம். கையைப் பிடித்துக்கொள்ளம்மா, நான் அசடு வழியமாட்டேன் என்று சொல்லு என்கிற மாதிரி தன்னிடம் கேட்டதாக உடன் நடித்த மேரி ஆஸ்டர் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

படத்தில் அந்த நடுக்கத்தின் சுவடே இல்லை. ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடசன் கேமராவைக் கீழே இறக்கி வைத்திருப்பார், அதனால் கட்மன் நாற்காலியில் சாய்ந்து பேசும்போது திரையை முதலில் நிரப்புவது வயிறும் அதன் மேல் தொங்குகிற கடிகாரச் சங்கிலியும்தான், முகம் அதற்கு அப்பால் எங்கோ மேலே இருக்கும். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது கடைசிப் பகுதி. சிலை கைக்கு வந்துவிட்டது. பேனாக் கத்தியால் மேல் பூச்சைச் சுரண்டுகிறார். முதலில் நிதானமாக, பிறகு வேகமாக, பிறகு வெறி பிடித்ததுபோல் வெட்டுகிறார். உள்ளே ஈயம். போலி. ஒரு கணம் அந்தப் பெரிய முகம் அப்படியே தளர்ந்து போகிறது. அடுத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள்: தன்னைச் சரிசெய்துகொண்டு, பதினேழு வருடம் தேடியாயிற்று, இன்னும் ஒரு வருடம் என்றால் கூடுதல் செலவு 5 முழு 15/17 சதவீதம்தானே என்று கணக்குச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். இடிந்துபோன ஒருவன் சில விநாடிகளில் மறுபடி ஆசைக்குள் நுழைவதை வெட்டி ஒட்டிக் காட்ட முடியாது, நடிகனின் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிறந்த துணை நடிகருக்கான அந்த ஆஸ்கார் டொனால்ட் கிரிஸ்ப் என்ற நடிகருக்குப் போனது, அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

அடுத்த வருடம் 'காசாபிளாங்கா'. வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ அவரையும் நடிகர் பீட்டர் லோரேயையும் ஒன்பது படங்களில் சேர்த்துப் போட்டது. ஒருவர் மலை, இன்னொருவர் மடு. நாகசாகி மேல் 1945-ல் விழுந்த அணுகுண்டுக்கு 'ஃபேட் மேன்' (குண்டு மனிதர்) என்ற பெயரைக்கூட அவருடைய கட்மன் வேடத்தை நினைத்துத்தான் வைத்ததாக, பெயர் வைத்த இயற்பியலாளர் ராபர்ட் செர்பர் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு மனிதரின் பருமன் மட்டுமே ஊர் நினைவில் தங்கிப்போனது எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் 1946-ல் டான் சீகல் இயக்கிய முதல் முழுநீளப் படமான 'தி வெர்டிக்ட்'டில் இவர் வில்லத்தனமாக உருட்டி மிரட்டவில்லை. நிரபராதி ஒருவன் தூக்கிலேறியதற்காகப் பதவி பறிபோன ஸ்காட்லாந்து யார்டு (லண்டன் போலீஸ்) அதிகாரியாக, அவமானத்தை விழுங்கிக்கொண்டு நடமாடுகிறார். அந்த மாதிரி வேடம் அதிகம் தரவே இல்லை.

உடம்பும் ஒத்துழைக்கவில்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு. 1949-ல் வந்த 'மலாயா'வோடு சினிமா முடிந்தது. அப்புறம் 1950-51-ல் வானொலியில் நீரோ வுல்ஃப் தொடர். வீட்டை விட்டு வெளியே வர விரும்பாத, உடம்பு பெருத்த துப்பறியும் நிபுணர் வேடம். உருவம் யார் கண்ணுக்கும் படாமல் வெறும் குரலை வைத்தே ஆளை நிறுத்திக் காட்டினார். 1954 ஜனவரி 18-ல் 74 வயதில் இறந்தார்.

பார்க்க விரும்புகிறவர்கள் 'தி மால்டீஸ் ஃபால்கன்' முடித்துவிட்டு 1944-ல் வந்த 'தி மாஸ்க் ஆஃப் டிமிட்ரியோஸ்' பாருங்கள். முந்தைய படத்தின் கதாநாயகன் ஹம்ஃப்ரி போகார்ட் இதில் கிடையாது, கிரீன்ஸ்ட்ரீட்டும் லோரேயும்தான் படத்தைத் தாங்குகிறார்கள், இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுகிற காட்சிகளை மட்டும் தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள்.