பிளாட்டிபஸ் முன்னால் கொஞ்ச நேரம்

நேயர்களுக்கு வணக்கம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் மெல்பர்ன்காரர்கள் நாம் கூட்டிப்போகும் இடங்களில் ஹீல்ஸ்வில் சரணாலயமும் ஒன்று. நகரைவிட்டு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காரில் போனால், யாரா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள் முடிந்து மலையடிவாரத்தில் யூகலிப்டஸ் காடு வரும். அந்தக் காட்டுக்குள்ளேயே நடைபாதை போட்டிருக்கிறார்கள். சிங்கம், யானை எல்லாம் இங்கே கிடையாது. இந்த மண்ணின் பிராணிகளும் பறவைகளும்தான்.

வருகிறவர்களில் பலர் கங்காருவோடு ஒரு படம், கோலாவோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசு கேட்பதில்லை. அங்கே இருட்டாக ஒரு கூடம் இருக்கிறது. அதில்தான் பிளாட்டிபஸ், வாத்து மாதிரி அலகுள்ள நீர்ப்பிராணி. தயவுசெய்து அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. கண் பழகியபின் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நீர்க்குமிழிகள் தெரியும், அப்புறம் அது வரும். வாலோடு சேர்த்து அரை மீட்டர்தான் இருக்கும். முன்னங்கால் சவ்வால் துடுப்புப் போட்டு, அலகை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே தரையைத் துழாவும். தண்ணீருக்குள் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாமே மூடியிருக்கும். இரையின் தசை அசையும்போது எழும் மிக நுண்ணிய மின்சாரத்தை அந்த அலகே உணர்ந்துவிடுகிறது. பிடித்த புழுவைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு மேலே வந்துதான் அரைக்கும். வளர்ந்த பிளாட்டிபஸுக்குப் பல் இல்லை, கொம்புத் தகடுகள்தான். முட்டையிட்டு, பொரித்த குஞ்சுக்குப் பாலும் கொடுக்கும். காம்பு கிடையாது, தோலில் கசியும் பாலைக் குஞ்சு குடிக்கும்.

இந்தப் பிராணி மனிதர் பராமரிப்பில் முதன்முதலாகக் குஞ்சு பொரித்ததும் இதே ஹீல்ஸ்வில்லில்தான். 1943, உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். அப்போது இங்கே பொறுப்பில் இருந்தவர் டேவிட் ஃப்ளே என்ற இயற்கை ஆய்வாளர். ஜாக், ஜில் என்ற ஜோடிக்குப் பிறந்த குஞ்சுக்குக் கோரி என்று பெயர் வைத்தார்கள். அதன்பிறகு எவ்வளவோ முயன்றும், இங்கே அடுத்த குஞ்சுகள் பிறக்க ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு கூச்ச சுபாவம் அதற்கு.

இடத்தின் வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். இது உருஞ்சரி மக்களின் நிலம். 1863-இல் பழங்குடியினருக்கென்று இங்கே கொரன்டர்க் குடியிருப்பு உருவானது. அவர்கள் உழைத்துப் பண்படுத்திய அந்த நிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிபோனது. அதை எதிர்த்து அவர்களின் தலைவர் வில்லியம் பராக் மெல்பர்னுக்கு நடந்தே போய் ஆட்சியாளர்களிடம் முறையிட்டார். அந்த நிலத்தில் ஒரு பகுதி 1920-இல் காலின் மெக்கன்சி என்ற மருத்துவரின் ஆய்வுக்குப் போனது. 1934-இல் அதுவே சரணாலயமாகத் திறக்கப்பட்டது. நாம் ரசித்து நடக்கிற பாதைக்கு அடியில் இப்படியும் ஒரு கதை இருக்கிறது. குழந்தைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

பறவைகளுக்கு வருகிறேன். குளிர்காலத்தில் போனால் லயர் பறவையின் குரலைக் கேட்க நல்ல வாய்ப்பு. ஆண் பறவை வாலை விசிறிபோல விரித்துத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு, குக்கபரா, விப்பேர்ட் என்று காட்டிலுள்ள மற்ற பறவைகளின் குரலை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடும். நாலைந்து பறவை கூடிவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பீர்கள். நிற்பது ஒன்றுதான்.

இன்னும் சில பறவைகளுக்கு இந்த இடம்தான் கடைசிப் பிடிமானம். தலையில் மஞ்சள் கொண்டையோடு ஒரு தேனுண்ணி, விக்டோரியாவின் மாநிலப் பறவை அது. சதுப்புக் காடுகளை அழித்து விவசாய நிலமாக்கியதால், 1989 வாக்கில் காட்டில் ஐம்பதை ஒட்டித்தான் மிஞ்சியிருந்தது. அன்றிலிருந்து இங்கே குஞ்சு பொரிக்கவைத்து, அருகிலுள்ள யெல்லிங்போ காட்டில் விட்டுவருகிறார்கள். ஆரஞ்சு வயிற்றுக் கிளியின் கதையும் ஏறக்குறைய இதுதான். கோடையில் டாஸ்மேனியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குக் கடல் தாண்டி விக்டோரியக் கரைக்கு வருகிற சின்னக் கிளி. அதையும் இங்கே இனப்பெருக்கம் செய்து காக்கிறார்கள். நீங்கள் வாங்குகிற நுழைவுச்சீட்டும் இந்த வேலைக்குக் கைகொடுக்கிறது.

கடைசியாக ஒன்று. பிளாட்டிபஸ் அந்தக் கூடத்தில் மட்டும் இருக்கிற பிராணி அல்ல. மெல்பர்னின் வெளிப்புறங்களில் யாரா ஆற்றிலும் அதில் சேரும் ஓடைகளிலும் இன்றும் வாழ்கிறது. நம்மில் பலர் விடுமுறையில் யாபி என்ற நன்னீர்ச் சிங்கி இறால் பிடிக்கப் போகிறோம். ஓபரா ஹவுஸ் வலை என்று ஒரு மூடிய வலை உண்டு. அதற்குள் புகுந்த பிளாட்டிபஸுக்கு வெளியே வர வழி தெரியாது. மூச்சுவிட மேலே வர முடியாமல் சில நிமிடங்களில் மூழ்கிச் செத்துப்போகும். 2019 ஜூலையிலிருந்து விக்டோரியாவின் நீர்நிலைகளில் அந்த வலைக்குத் தடை. உங்கள் கராஜில் பழைய வலை கிடந்தால் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், கத்தரித்துப் போடுங்கள். தலைமுடி ரப்பர், பாட்டில் மூடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் மாதிரி வட்டமான எதையும் வெட்டிவிட்டே குப்பையில் போடுங்கள். மழைத்தண்ணீரோடு ஓடைக்குப் போய் பிளாட்டிபஸின் கழுத்தில் மாட்டி அறுப்பது அவைதான்.

நன்றி, வணக்கம்.