‘கொங்கு’ என்று காட்டத் தெரிந்த கருவியா?

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கமுங்க.

ஈரோட்டில் பஸ் ஏறி, உட்கார இடமில்லாமல், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பெருந்துறை தாண்டி வருகிறவர் மறு கையால் புத்தகம் படிக்கலாம். எக்ஸ்டீயிங்க் எக்ஸ்4 போன்ற சின்ன மின்நூல் கருவிகள் அதற்கு வாகானவை. 4.3 அங்குலத் திரை, சுமார் 75 கிராம் எடை. தொடுதிரை இல்லை, பொத்தானை அழுத்தினால் பக்கம் திரும்பும். காகிதம்போலத் தெரியும் மின்மைத் திரை (இ-இங்க்) பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் எடுக்கும் என்பதால், 650 எம்ஏஎச் பேட்டரியே நாள்கணக்கில் தாங்கும். சித்திரை வெயிலில் வரப்பில் உட்கார்ந்தாலும் எழுத்து பளிச்சென்றிருக்கும். பொழுது சாய்ந்தால்தான் சங்கடம், திரைக்கு விளக்கு கிடையாது.

இத்தகைய கருவிகளைத் திறமூலம் என்பார்கள், அதாவது உள்ளே இருப்பதை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். அதில் இரண்டு படி உண்டு. ஜோயி காஸ்டிலோ வடிவமைத்த ஓப்பன் புக் என்ற மின்நூல் கருவியில் மின்சுற்று வரைபடமே பொதுவில் இருக்கிறது. மின்பாகங்களைப் பற்றவைக்கத் தெரிந்தவர் தாமே செய்துகொள்ளலாம். எக்ஸ்4-இல் வன்பொருள் நிறுவனத்துடையது. கிராஸ்பாயின்ட் என்ற திறமூல மென்பொருளை மட்டும் அதில் ஏற்றலாம்.

நமக்கு உண்மையான சோதனை தமிழ்தானுங்க. எக்ஸ்4-க்குள் இருக்கும் ஈஎஸ்பி32-சி3 சில்லின் வேலை நினைவகம் (ரேம்) 400 கிலோபைட். 4 ஜிபி ரேம் உள்ள செல்போனில் இதைப்போல 10,000 மடங்கு இருக்கிறது. ‘கொங்கு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பில் முதலில் ‘க’, அதற்குப் பிறகுதான் ஒகரக் குறி. திரையில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரவேண்டும். ‘கு’வுக்குத் தனி வடிவம் வேண்டும். செல்போனில் எழுத்துகளை இப்படி அடுக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற நிரல் செய்கிறது. அது இல்லாத கருவியில் எழுத்துருவை மட்டும் மாற்றிப் பலர் மெனக்கெடுகிறார்கள். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது போய்விடும். கொம்பு மட்டும் இடம் மாறியே நிற்கும்.

ஆகவே வாங்குவதற்கு முன் ‘கொங்கு, கூழ், பௌர்ணமி, ஸ்ரீ’ என்று யூனிகோடில் ஒரு கோப்பு தட்டச்சு செய்து, அந்தக் கருவி வைத்திருப்பவரிடம் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சரியாக வராவிட்டால், கணினியிலேயே பக்கங்களைப் படமாக்கி ஏற்றுவதுதான் வழி. 480க்கு 800 புள்ளிகள் கொண்ட கறுப்பு-வெள்ளைப் பக்கம் 48,000 பைட். 300 பக்க நூல் 14.4 எம்பிதான். ஆனால் ஏற்றிய பிறகு எழுத்தைப் பெரிதாக்க முடியாது, சொல் தேடவும் முடியாது. அதனால் அளவை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். எழுத்து 30 பிக்சல் உயரத்தில் தொடங்கிப் பாருங்கள். மெல்லிய எழுத்துரு கறுப்பு-வெள்ளையில் கோடு அறுந்து தெரியும், தடித்ததாக எடுங்கள். வரிகளை இருபுறமும் சீராக நிறுத்தாமல் இடப்பக்கம் மட்டும் ஒட்டுங்கள். நம் சொற்கள் நீளம். குறுகிய வரியில் சொல்லுக்குச் சொல் பள்ளம் விழும்.

படமாக்குவதற்கு மூல நூலாக இபப் கோப்பை (திரைக்கேற்ப வரி மடங்கும் மின்நூல் வடிவம்) எடுப்பது நல்லது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் அது கிடைக்கும். ஏ4 பிடிஎஃப் மட்டும் வேண்டாம். இந்தத் திரையில் அது கால்பங்காகச் சுருங்கி, 12 புள்ளி எழுத்து 3 புள்ளியாகிவிடும். அது கடுகு பொறுக்குகிற வேலை. கிண்டிலில் காசு கொடுத்து வாங்கிய பூட்டிட்ட நூல்களும் இதில் திறக்காது.

மென்பொருளை மாற்றப் போகிறவர்கள், முதலில் ஈஎஸ்பிடூல் என்ற கணினி நிரலைக் கொண்டு, கருவியின் மென்பொருள் இருக்கும் 16 எம்பி ஃப்ளாஷ் சேமிப்பு முழுவதையும் படியெடுத்துக் கணினியில் வையுங்கள். பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப அதுதான் கைகொடுக்கும். கணினி கருவியைக் கண்டுகொள்ளவே இல்லையென்றால், உடனே கருவி கெட்டுவிட்டது என்று பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கலாம். தரவும் கடத்துகிற கேபிளை மாட்டிப் பாருங்கள்.

நன்றி, வணக்கமுங்க.